படித்துக் காட்டிய சந்தேகம்

இன்று காலை கீழ்த்தள மளிகைக்கடை அண்ணன் புது வருஷத்துக் குதிரைக் காலண்டரைக் கொண்டுவந்து கொடுத்தார். சுருளைப் பிரித்ததும் அச்சு மையின் வாடை அறையில் பரவியது. பெரிய பெரிய எண்கள், பள்ளி விடுமுறைகள், நம் பண்டிகைகள், சீன மாதத் தேதிகள், பந்தய நாள்களில் ஒரு சின்னக் குதிரை. ஒன்றும் மாறவில்லை. பழையதை ஆணியிலிருந்து கழற்றி உன் அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். அங்கே இப்போது பதினான்கு வருஷத்துக் காலண்டர்கள் இருக்கின்றன. பதின்மூன்று நீ சேர்த்தவை. ஒன்று நான் சேர்த்தது.

முதன்முதலில் அந்த அடுக்கைப் பார்த்தபோது குப்பை என்றுதான் நினைத்தேன். வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு இலவசமாகச் சட்ட உதவி செய்யும் இந்த ஈப்போ அலுவலகத்துக்கு நான் ஆறு மாதப் பயிற்சிக்கு வந்தபோது எனக்கு நாற்பத்தேழு வயது. அதற்குமுன் இருபது வருஷம் காப்புறுதி நிறுவனத்தில் இருந்தேன். இழப்பீடு கேட்டு வருகிறவர்கள் சொல்வது மெய்யா பொய்யா என்று பார்ப்பது என் வேலை. சட்டம் படித்தது பிறகுதான், பகுதி நேரமாக. நீ இங்கே மொழிபெயர்ப்பாளர். உனக்கும் என் வயதுதான். முதல் நாளே கதவருகில் நின்று குரல் கொடுத்தாய்.

"நம்ம இன்டர்ன் பாப்பா வந்திருச்சு. யாராச்சும் பால்புட்டி எடுத்து வைங்கலா!"

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. உன்னை எனக்குப் பிடிக்கவும் இல்லை.

முனியசாமி வந்தது என் மூன்றாவது வாரத்தில். ராமநாதபுரத்துக்காரர். ஹுத்தான் மெலிந்தாங் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டியவர். தீபாவளி முடிந்த ஏழாம் நாள் அவர் வேலையை விட்டு ஓடிவிட்டதாக அவருடைய நிறுவனம் குடிநுழைவுத் துறையில் புகார் செய்திருந்தது. அந்தப் புகார் நிலைத்தால் தடுப்பு முகாம், பிறகு நாடுகடத்தல். திரும்பி வரவே முடியாது. அவரோ அந்த நாளுக்குப் பிறகும் வேலை செய்ததாகச் சொன்னார். நிறுவனம் வாங்கி வைத்திருந்த கடப்பிதழை, அதாவது பாஸ்போர்ட்டை, திருப்பிக் கேட்டதற்காகத்தான் விரட்டினார்களாம். கைப்பேசியையும் பிடுங்கிக்கொண்டார்களாம்.

கடைசியாக வேலை செய்த தேதி எது என்று மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் வேறு வேறு பதில் வந்தது. குறிப்பில் எழுதினேன்: 'தேதிகளில் முரண்பாடு. நம்புவது கடினம்.'

எழுதியதை உரியவருக்குப் படித்துக் காட்டி, அதன்பிறகுதான் கைநாட்டு வாங்க வேண்டும் என்பது இங்கே வழக்கம். நான் வாக்குமூலத்தைப் படித்து முடித்துக் கோப்பை மூடினேன். நீ அதைத் திறந்து அந்தக் கடைசி வரியில் விரலை வைத்தாய்.

"இத படிக்கலியே?"

"இது நமக்குள்ள இருக்கிற குறிப்பு."

"அவரப் பத்தி எழுதினது, அவருக்குத் தெரிய வேணாமா? படிலா."

எனக்குக் காது சூடானது. ஆனாலும் படித்தேன். முனியசாமி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சரிதானேக்கா. தேதி சொல்லத் தெரியாதவன நானா இருந்தாலும் நம்ப மாட்டேன்." துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அவரே தொடர்ந்தார்: "ஆனா பண்டு ஒடஞ்சு கடத்தண்ணி ஏறுச்சே, அன்னைக்கும் நான் முழங்கால் தண்ணியில நின்னுதான் கொல வெட்டுனேன். ஓடிப்போனவன் எப்படிக்கா கொல வெட்டுவான்?"

பண்டு என்பது கடலோரத் தோட்டத்தைக் காக்கும் மண்கரை. இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்க தேதியத்தானே கேட்டீக. தண்ணியக் கேக்கலியே."

நீ அதற்குள் எழுந்துவிட்டாய். அந்தக் கரையோரத்தில் பிறந்தவள் அல்லவா. "பெரிய தண்ணி சும்மா ஏறாது. பௌர்ணமிக்கு ஏறும், இல்லாட்டி அமாவாசைக்கு. தம்பி, அன்னிக்கு நிலா எப்படி இருந்துச்சு?"

"முழுசா இருந்துச்சுக்கா. தீபாவளி கழிஞ்சு வந்த மொத பௌர்ணமி."

அலமாரியிலிருந்து அந்த வருஷத்துக் காலண்டரை இழுத்து மேசையில் விரித்தாய். சீன மாதத்தின் பதினைந்தாம் நாளில், அதாவது பௌர்ணமியில், உன் விரல் நின்றது. அவர் ஓடிப்போனதாக நிறுவனம் சொன்ன நாளுக்கு எட்டு நாள் பின்னால்.

"காலண்டர் சாட்சி ஆகாது" என்றேன்.

"ஆகாது. எங்க தேடணும்னு சொல்லும் இல்ல? நீதானே இருவது வருஷம் தேடினவ. தேடு."

வெள்ளத்தில் பொருள் போனதென்று வருகிறவர்களிடம் நான் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. அதையே அவரிடமும் கேட்டேன்: அன்றைக்குப் படம் ஏதாவது எடுத்தீர்களா? எடுத்து மனைவிக்கு அனுப்பியிருந்தார். அவர் கைப்பேசி போனாலும் மனைவியின் கைப்பேசி ஊரில் பத்திரமாக இருந்தது. ஒரு மணி நேரத்தில் படம் வந்தது. சேற்றுத் தண்ணீர், மிதக்கும் செம்பனைக் குலை, சிரிக்கும் முனியசாமி, அனுப்பிய நாளும் நேரமும். பௌர்ணமிக்கு மறுநாள்.

இரண்டு மாதத்தில் நிறுவனம் புகாரைத் திரும்பப் பெற்றது. அவர் கடப்பிதழைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, நாடுகடத்தப்படாமல் தானாகவே ஊருக்கு விமானம் ஏறினார். அன்றைக்கு நீ கோப்பி வாங்கிக் கொடுத்து, "இன்டர்ன் பாப்பா பாஸ்" என்றாய். அப்போதுதான் நான் சிரித்தேன். என் குறிப்புத் தாளைக் கிழிக்கப் போனபோது கையைப் பிடித்துத் தடுத்தாய். "இருக்கட்டும். அதப் படிச்சதாலதானே தண்ணி வந்துச்சு." அது இன்னமும் அந்தக் கோப்பில்தான் இருக்கிறது.

பயிற்சி முடிந்தும் நான் போகவில்லை. நீதான் போனாய், நோய் வந்து, மூன்றே மாதத்தில். கோயிலில் உனக்காக நடந்த பூசையில் பின்வரிசையில் நின்றேன். நான் அழவில்லை என்று சிலர் குறைப்பட்டார்களாம். உனக்குத் தெரியும் நான் எப்படிப்பட்டவள் என்று.

நான் அதிகம் மாறவில்லை. எதிரில் உட்காருகிறவர் சொல்வதை எடுத்தவுடன் இன்றும் நம்புவதில்லை. ஆனால் நம்பாததை எழுதுகிறேன், எழுதியதை அவர்கள் முகத்தைப் பார்த்துப் படிக்கிறேன். சிலர் கோபப்படுகிறார்கள். ஒருவர் எழுந்து போய்விட்டு மறுநாள் உண்மையைச் சொல்ல வந்தார். பலர் முனியசாமியைப் போல நான் கேட்க மறந்ததைச் சொல்லிவிடுகிறார்கள். இந்த வேலை எனக்கு வரும் என்று இப்போது தயக்கமில்லாமல் சொல்வேன்.

எழுதியதைப் படித்துக் காட்ட வேண்டும் என்பதால் இந்த மடலையும் உன் காலி நாற்காலிக்கு முன்னால் உரக்கப் படித்தேன். படிக்கும்போது ஒரு வரியில் நாக்கு நின்றது. அதை அடித்துவிட்டேன். 'நீ யாரையும் சந்தேகித்ததே இல்லை' என்று எழுதியிருந்தேன். அது பொய். நீயும் சந்தேகப்பட்டாய், எல்லோரையும், என்னையும். ஒருமுறைகூட எங்கள் முதுகுக்குப் பின்னால் அல்ல.