பெட்ரூம் ஏசி

ஃபரீஹா,

வேலைக்குக் கிளம்பிட்டேன். நீ அசந்து தூங்குற, எழுப்பல. சாக்லேட் ரூம் சாவி ஃப்ரிட்ஜ் மேல இருக்கு. கல்யாண டப்பா வாங்க மூலக்குளத்துலேர்ந்து மாலா அக்கா வருவாங்க.

நம்ம பெட்ரூம் ஏசியைக் கழட்டி அங்க மாட்டிட்டன்னு ராத்திரி அவ்வளவு கத்துனேன் இல்ல? காலையில போய் ஒரு சாக்லேட் அச்சைக் கவுத்துப் பார்த்தேன். தட்டக்கூட இல்ல, எல்லாம் தானா விழுந்துச்சு. மாஷா அல்லாஹ், என்னா பளபளப்பு! மேல எரியுற டியூப்லைட் ஒவ்வொண்ணுலயும் தெரியுது. இந்த ஊர் புழுக்கத்துல, நம்ம வீட்டுல, உன் கையால! அப்படியே நின்னுட்டேன்.

ஏசியை நிறுத்திடாத.

இன்னொண்ணு, எண்ணிப் பார்த்தா ஒரு சாக்லேட் குறையும். அதுல என் மூஞ்சி தெரிஞ்சுது, ராத்திரி கத்துன அதே மூஞ்சி. அதைக் கல்யாண வீட்டுக்கு அனுப்ப மனசு வரல, தின்னுட்டேன்.

ஸாகிப்