என் பெயரில் வேலை செய்கிறவன்

மார்ச் 3, செவ்வாய்

ஈரப்பனி. கிடங்கில் காலை ஷிஃப்ட், இரண்டு மணிக்கு ரயிலில் எம்மன்புரூக்கே, வீடு. ஹீட்டர் பாதிச் சூடு.

செய்ய வேண்டியவை: வதிவிட பெர்மிட் புதுப்பிக்கப் படம். அம்மாவின் பல் டொக்டருக்கு ஃபோன். வெள்ளிக்கிழமைக்கு ஒரு நல்ல சட்டை.

என் அறையில் லப்டொப் வேலை செய்துகொண்டிருந்தது. முன்னால் ஆள் இல்லை. திரையில் அம்பு தானே ஓடுகிறது, தானே திறக்கிறது, தானே மூடுகிறது. ஏழு மாதமாகியும் பழகவில்லை. தூரத்திலிருந்து அதை ஆட்டுகிறவன் ஜேம்ஸ் (அவன் சொன்ன பெயர், இனி ஜே.). இருப்பது சீனாவில் (அவன் சொன்ன இடம்). சம்பளம் தரும் ஓர்லிகோன் கணினிக் கம்பனிக்கு அவன் பெயர் நிரோஷன் தில்லையம்பலம். அதாவது நான்.

வெள்ளிக்கிழமை எல்லோரும் நேரில் வர வேண்டுமாம். ஜே. எழுதினான்: "நீ போ. முகம் உன்னுடையதுதானே."

மார்ச் 4, புதன்

பனி நின்றுவிட்டது. பல் டொக்டர் ஃபோன் எடுக்கவில்லை.

எப்படித் தொடங்கியது என்று ஒரு தடவையாவது நேராக எழுத வேண்டும்.

கணினித் தொழிற்பயிற்சி முடித்துவிட்டு எத்தனை விண்ணப்பம் போட்டேன் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். எல்லாப் பதிலும் ஒரே அச்சு. உங்கள் எதிர்காலம் சிறக்க வாழ்த்துகள். சோதனையில் என்னைப் பார்த்து எழுதிய லூக்காஸ் இரண்டாம் வாரமே வேலையில். நான் கிடங்கில், பெட்டிகளுடன்.

அப்போதுதான் ஜே.யின் செய்தி வந்தது: எனக்குத் தொழில் தெரியும், பேப்பர் இல்லை. உன் பெயரைத் தா. நேர்முகத்தில் முகத்தைக் காட்டு, பதிலை நான் எழுதிக் காட்டுகிறேன். கம்பனி அனுப்பும் லப்டொப்பை வீட்டில் வைத்திரு. சம்பளத்தில் உனக்கு ஒரு பங்கு, மீதியை டிஜிட்டல் நாணயமாக்கி அனுப்பு.

அப்பாவிடம் கேட்டேன். அவருக்கு அசூல், அகதித் தஞ்சம், மறுக்கப்பட்டிருந்த காலத்தில், லூசர்னில் ஒரு ரெஸ்டோரண்ட் குசினியில் இரண்டு வருடம் ரவி மாமாவின் பெர்மிட்டில் கோப்பை கழுவியவர். பகலில் ரவி மாமா ஓரிடத்தில், பின்னேரம் அப்பா ரவியாக இன்னோரிடத்தில். ஷெஃபுக்கு எங்கள் முகமெல்லாம் ஒன்று. எங்கள் ஆட்களிடையே அது களவு இல்லை. கைமாற்று.

"பேப்பர் இல்லாத பெடியனடா. குடன். பேர் என்ன, தேயுறதே?"

கொடுத்தேன். பங்கையும் எடுத்தேன். அதையும் எழுது, நிரோஷன்.

மார்ச் 6, வெள்ளி

மழை. ஓர்லிகோன்.

சுவரில் எல்லோருடைய படமும். என் படத்தின் கீழ்: ஹெர் தில்லையம்பலம். திருவாளர். அப்பாவின் பெயர்தான் இங்கே எனக்குக் குடும்பப் பெயர். ஓர் எழுத்தும் பிழையில்லை. இந்த நாட்டில் முதல் தடவை.

குழுத் தலைவி சான்ட்ரா எல்லோர் முன்னாலும் சொன்னாள்: "எங்களிடம் சுத்தமாக வேலை செய்கிறவர் இவர்தான். கமராவைத்தான் போட மாட்டார்!" சிரித்தார்கள். நானும். வாய் நிறைய வெண்ணெய்ப் பாண்.

பிறகு பாதுகாப்பு அலுவலரின் பேச்சு. வட கொரியா பற்றி. உலகம் தடை போட்டிருப்பதால் நேர்வழியில் வெளிநாட்டுப் பணம் வராது. ஆகவே கணினி தெரிந்தவர்களை வெளியே அனுப்பி அறைகளில் அடைத்து வைக்கிறார்கள். இன்னொருவன் பெயர், இன்னொருவன் முகம், யாரோ வீட்டில் ஒரு லப்டொப். சம்பளம் டிஜிட்டல் நாணயமாக மாறி அரசுக்குப் போகிறது. அங்கிருந்து ஏவுகணைக்கு.

திரையில் அடையாளங்கள்:
கமரா போட மாட்டான்.
நேர்முகத்தில் கண் பக்கத்தில் எதையோ வாசிக்கும்.
கம்பனி லப்டொப் வீட்டை விட்டு வெளியே வராது.

சான்ட்ரா என் பக்கம் குனிந்தாள்: "ஆளைப் பார்க்காமலே எப்படித்தான் வேலைக்கு எடுக்கிறார்களோ."

கழிப்பறையில் பத்து நிமிடம். முகம் கழுவினேன். வாடகைக்குப் போனது அதுதானே.

மார்ச் 7, சனி

வெயில். ஒன்றுக்கும் உதவாத வெயில்.

அம்மா ஃபோனில் யாரிடமோ: "ஓமடி, வீட்டில இருந்துதான் வேலை. நான் அவன்ர அறைப்பக்கம் மிக்ஸி கூடப் போடுறேல்லை." கிடங்கைப் பற்றிச் சொல்ல மாட்டா. நான் உள்ளே கட்டிலில். லப்டொப் மேசையில் உழைத்துக்கொண்டிருந்தது. அவனுக்குச் சனி ஞாயிறு கிடையாது. இதையாவது நான் யோசித்திருக்கலாம்.

எழுதிக் கேட்டேன். நீ எந்த நாடு?

அம்பு நின்றது.

"கேட்காதே. வேலை நன்றாகத்தானே செய்கிறேன்?"

"சம்பளம் உன் கைக்கு வருகிறதா?"

"கொஞ்சம்."

"விட்டுவிட்டுப் போகலாமே."

"மனைவியும் மகளும் அங்கே."

பிறகு அம்பு மறுபடி ஓடியது. விட்ட வரியிலிருந்தே.

எத்தனை கொடுங்கோலர்களின் பணம் இந்த நாட்டு வங்கிகளில் கேள்வியில்லாமல் தூங்கியது, அவர்கள் செய்தால் இரகசியம், நான் செய்தால் குற்றம் என்று அரைப் பக்கம் எழுதினேன். உண்மைதான். ஆனால் சாக்கு. அடித்துவிட்டேன்.

மார்ச் 8, ஞாயிறு

அப்பா கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், நாளைக்குக் கம்பனியிடம் ஒப்புக்கொள்ளப் போவதையும்.

"ஏவுகணை எண்டா?"

"ஷெல் மாதிரித்தான், அப்பா. பெரிசு."

கத்தி நின்றது. சித்தப்பா ஊரில், சண்டைக் காலத்தில், ஷெல் விழுந்து செத்தவர். அதை வாங்கிய பணத்திலும் எங்கோ ஒருவன் தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியை அனுப்பியிருப்பான். கெட்டவனாகக் கூட இருந்திருக்க மாட்டான்.

அம்மா: "நிப்பாட்டிப்போட்டுப் பேசாமல் இரன். சொன்னா உன்ர பெர்மிட் போயிடுமடா. சனத்துக்கு நான் என்னத்தைச் சொல்லுறது?"

"நான் நிப்பாட்டினா இன்னொருத்தன்ர பேரில தொடங்குவினம், அம்மா. கம்பனிக்குத் தெரியவே வராது."

"சொன்னா அந்தப் பெடியனுக்கு என்ன நடக்கும்?" என்றார் அப்பா.

தெரியாது.

அப்பா மீதிக் கத்தரிக்காயையும் வெட்டி முடித்தார். பிறகு: "நான் ரவியாய் உழைச்சது என்ர வயித்துக்கு. அவன் உழைக்கிறது அவனைப் பூட்டி வைச்சிருக்கிறவனுக்கு." கை கழுவினார். "எத்தினை மணிக்கு ட்ரெயின்?"

மார்ச் 9, திங்கள்

மூடுபனி. கிடங்குக்கு ஃபோன், சுகமில்லை என்று. இதுதான் கடைசிப் பொய் என்று எழுத ஆசை. எழுதவில்லை.

ஜே.க்கு எழுதினேன்: இன்று கம்பனியிடம் சொல்லப் போகிறேன். மன்னித்துக்கொள்.

அவன் பாதியில் இருந்த வேலையைச் சேமித்தான். கோப்புகளை ஒவ்வொன்றாக ஒழுங்காக மூடினான். அம்பு திரையின் நடுவில் வந்து நின்றது. ப்ளக்கைப் பிடுங்கினேன்.

வாசலில் அப்பா, அசூல் விசாரணைக்கு வாங்கிய பழைய கோட்டில்.

"உங்களை ஒருத்தரும் கூப்பிடேல்லை, அப்பா."

"குடு எண்டது நானெல்லோ."

ரயில். அவர் மடியில் லப்டொப், குழந்தையைப் பிடிப்பது போல இரண்டு கையாலும்.

வரவேற்பில் இரண்டு கதிரை. பத்து நிமிடம். சான்ட்ரா கதவைத் திறந்து சிரித்தாள்.

"ஹெர் தில்லையம்பலம்?"

எனக்கு முன் அப்பா எழுந்துவிட்டார்.