வக்கீலாகிப்போன கொக்கு

என் சிட்டு,

அம்மா எழுதுகிறேன். நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா? நான் இருக்கிறேன். உன் அப்பா போனபிறகு "நலம்" என்று எழுதக் கை வரவில்லை, அதனால் இருக்கிறேன் என்றே வைத்துக்கொள். இந்த நாட்டு விசா கிடைக்காமல் நீ காரியத்துக்கு வரவில்லை என்று ஊரிலிருந்து வந்த உன் அத்தை வைத்த ஒப்பாரி, தன் அண்ணனுக்கு வைத்ததைவிட நீளம். "நாலு தேசம் இழுத்துக்கிட்டுப் போய் வளத்தாங்க, இப்ப எந்த ஊருக்கும் ஆகாம ரெண்டுங்கெட்டானா நிக்குது" என்று வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்லிவிட்டு, மூச்சு விடாமல் என்னிடம் ஃபேனை வேகமாக வைக்கச் சொன்னாள். நம் சொந்தக்காரர்கள் தங்கமானவர்கள். துக்க வீட்டில் ஒரு நாற்காலியைக் காலியாக விடமாட்டார்கள், குடித்த டம்ளரைக் கழுவினால்தான் சொந்தம் விட்டுப்போகும்.

அப்போதுதான் உன் பள்ளிக்கூடச் சிநேகிதன் கொக்கு வந்தான். அதே ஒல்லி, அதே உயரம், நிலைப்படியில் தலையை இடித்துக்கொண்டுதான் உள்ளே வந்தான். அவர்கள் பக்கம் துக்கத்துக்குக் கறுப்பு போடுவார்களாம், கறுப்புக் கோட்டும் கையில் தோல் பையுமாக நின்றான். உன் அத்தை வக்கீல் என்றே முடிவு கட்டிவிட்டாள். அழுகையைப் பாதியில் நிறுத்தி, அவனை மாடிப்படி ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய், "அந்த ஃபிரிட்ஜும் சோபாவும் கூடப்பொறந்தவளுக்குத்தானே சார்?" என்று கேட்டிருக்கிறாள். அவனுக்கு ஏது தமிழ்? அந்தம்மா துக்கத்தில் புலம்புகிறாள் என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டி, அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறான். "வக்கீலே என் நிலைமையப் பாத்து அழுதுட்டாரு அண்ணி" என்று பூரித்து வந்தாள். கொஞ்ச நேரத்தில் வக்கீல் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, பையிலிருந்த பழத்தை என்னிடம் கொடுத்துவிட்டு, டம்ளர் கழுவப் போனார். அத்தை முகத்தைப் பார்த்துச் சிரிக்க உன் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர்தான் இல்லையே, அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அப்பா கிரேன் ஓட்டிய கம்பெனி வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டது. "எனக்குத்தான் எங்கயும் ஒட்டல, நீயாவது நம்ம ஊருக்குப் போம்மா, நம்ம ஆளுங்க இருக்காங்க" என்று போனில் சொன்னாய். ஊரில் அத்தை வீட்டில் எனக்கு இடம் உண்டாம், ஃபிரிட்ஜும் கப்பலேறி வந்தால். கொக்கு ஒன்றும் கேட்கவில்லை, தன் வீட்டுப் பின்னறைக்கு வெள்ளையடித்துக்கொண்டிருக்கிறான். அவனும் எங்கிருந்தோ வந்த பிள்ளைதான், வாத்தியார் பேசுவது புரியாமல் உன்னோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்தவன். கை ஜாடையிலேயே சண்டை போட்டு கை ஜாடையிலேயே சேர்ந்துகொள்வீர்கள். ஒட்டவில்லை என்று நீ சொன்னதை அவனிடம் சொல்லவில்லை, மனசு விட்டுப்போகும். ஒவ்வொரு வீடு மாறும்போதும் "நம்ம ஊரு எதும்மா" என்று என் முந்தானையைப் பிடித்து இழுப்பாய். நான் பாத்திரம் கட்டுவதில் மும்முரமாக இருப்பதுபோல் நடிப்பேன்.

குளிரில் காதை மூடிக்கொண்டு போ. கொக்குக்கு ஒரு போன் பண்ணு. உன் அப்பா மேலே இருந்து பார்த்துக்கொள்வார், உயரம் அவருக்குப் பழக்கம்தான். நீ நூறு வயசு நன்றாக இருக்கணும்.

உன் அம்மா

பி.கு: பாத்திரம் எல்லாம் கட்டியாகிவிட்டது. லாரிக்காரர் எங்கே இறக்கணும் என்று கேட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறார். நம்ம ஊரு என்றாயே, அது எதுடி சிட்டு?