கூரையில் நின்ற பனி

அன்புள்ள அக்லாயா,

நலமா? உன் முழங்கால் எப்படி இருக்கிறது? போனில் "சாப்பிட்டியா, சாப்பிட்டேன்" என்பதற்கு மேல் எனக்கு வாய் வருவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

"சூடெல்லாம் பரண் வழியா ஓடிப்போற வீட்டுல என்னால இன்னொரு குளிர்காலம் கெடந்து சாக முடியாது. அதைச் சரி பண்ணு, வரேன்" என்று சொல்லிவிட்டுத்தானே இத்தாலிக்குப் பஸ் ஏறினாய்? சரி பண்ணிவிட்டேன்.

என் அப்பா பரணில் கொட்டிவைத்த மரத்தூள் இத்தனை காலமும் எலிகளுக்குத்தான் மெத்தையாக இருந்திருக்கிறது. எல்லாவற்றையும் வாரி வெளியே போட்டேன். விட்டத்தில் தொங்கிய பன்றிக்கறியையும் உன் கல்யாணப் பெட்டியையும் கீழே இறக்கினேன். பெட்டியைத் தொட்டதற்குத் திட்டாதே. பிறகு சூட்டை வெளியே விடாத கண்ணாடிப் பஞ்சைச் சுருள் சுருளாக மேலே ஏற்றி, சந்து விடாமல் முழங்கை ஆழத்துக்குப் பரப்பினேன். அப்பப்பா, அந்த அரிப்பு! முதுகு சொறிய ஆளில்லாமல் கதவு நிலையில் தேய்த்துக்கொண்டேன், நம் பன்றியைப் போல. சிரி, பரவாயில்லை.

இப்போது விடியுமுன் ஒருமுறை கணப்பை மூட்டினால் மறுநாள்வரை வீடு கதகதப்பாக இருக்கிறது.

போன வாரம் கொஞ்சம் காய்ச்சல், வெளியே தலைகாட்டவில்லை. நல்ல பனி பெய்தது. நம் கூரையில் என்றைக்குப் பனி தங்கியிருக்கிறது? "காக்கா குளிர்காயவா விறகு வெட்டுறே?" என்று பக்கத்து வீட்டுத் தோதேர் கேலி செய்வானே! இந்தத் தடவை சூடு மேலே போகாததால் பனி உருகாமல் நின்றுவிட்டது. நம் தெருவில் அப்படி நிற்பதெல்லாம் பூட்டிவிட்டுப் போன வீடுகளில்தான். தோதேர் அதைப் பார்த்திருக்கிறான். கதவை உடைக்காத குறையாகத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான். கையில் மெழுகுவர்த்தி, தீப்பெட்டி. சாகிறவன் கையில் வெளிச்சம் இல்லாமல் போய்விடக் கூடாதே என்று! நான் சூப் குடித்துக்கொண்டிருந்தேன். "அட பாவி, உசுரோடதான் இருக்கியா? கூரையில பனி கெடக்கு, புகையையும் காணோம். போய்ச் சேந்துட்டேன்னு நெனச்சேன்டா!" என்று கத்தினான். கத்திக்கொண்டே அழுதான்.

அவன் போன பிறகு நானும் தெருவில் நின்று நம் கூரையைப் பார்த்தேன். ஆளில்லாத வீடு மாதிரியேதான் இருந்தது. அடுத்த தடவை தோதேர் வரும்போது நிஜமாகவே அப்படி ஆகிவிட்டிருந்தால் என்ன செய்வது என்று பயந்துபோனேன். தனியாக இருக்க முடியவில்லை, அக்லாயா. இதைப் போனில் என்னால் சொல்ல முடியாது.

அங்கே நீ சம்பளத்துக்குப் பார்த்துக்கொள்ளும் அந்தக் கிழவியம்மாவுக்கு வேறு ஆள் கிடைக்கும்.

தோதேர் அந்த மெழுகுவர்த்தியை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டான். கரண்ட் போன அன்றுகூட அதை ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. கிறிஸ்துமஸுக்குள் வந்துவிடு. நாம் இரண்டு பேரும் சாப்பிடும்போது மேஜையில் ஏற்றி வைப்போம்.

மாதா உன்னைப் பத்திரமாகக் கூட்டிவரட்டும்.

உன்,
கவ்ரில்