பெரிய வெள்ளிக்கு யார் உட்காருவது?

மார்ச் 26, புதன்

காலையிலிருந்து பாலைவனத்து மஞ்சள் தூசி. ஜன்னலைத் திறக்கவே முடியவில்லை. ஏப்ரல் பதினெட்டு அன்று முகப்பூச்சு தள்ளுபடி விற்பனை என்று எங்கள் முதலாளி பியோ சார் முடிவு செய்துவிட்டார். அமெரிக்காவிலிருந்து கேள்வியும் புகாரும் கொட்டும். பதில் சொல்ல பிலிப்பைன்ஸ் ஆட்கள் ஆறு பேரும் அன்று கட்டாயம் இருக்க வேண்டுமாம். தாவாவோ நகரத்தில் அவரவர் வீட்டிலிருந்தே எங்கள் சியோல் கம்பெனிக்கு வேலை பார்க்கிறவர்கள். அவர்களுடைய சம்பளமும் லீவும் என் தலையில்.

இரவுக்கு சோயா குழம்பு. உப்பு கூடிவிட்டது.

ஏப்ரல் 2, புதன்

தாவாவோ குழுவின் தலைவி அர்செலி அழைத்தாள். வழக்கமான சிரிப்பு இல்லை.

"மேடம், நேத்து நோர்ஹானிக்கு ரமலான் பெருநாள். எங்க நாட்டுல எல்லாருக்குமே அரசு விடுமுறை. அவ தட்டை லேப்டாப் பக்கத்துல வச்சுக்கிட்டு, சாப்பிட்டுக்கிட்டே பதில் அடிச்சா."

ஆறு பேரில் நோர்ஹானி மட்டும் முஸ்லிம். நேற்று அவளுக்குப் பெருநாள் என்று எனக்குத் தெரியவே தெரியாது. சியோலில் நேற்று சாதாரண செவ்வாய்க்கிழமை.

"அப்படி வேலை செஞ்சா அன்னைக்கு ரெட்டைச் சம்பளம் தரணும்னு இங்க சட்டம், மேடம். செய்யலைன்னாலும் அன்னைய சம்பளம் உண்டு. பதினேழு, பதினெட்டு ரெண்டும் பெரிய வியாழன், பெரிய வெள்ளி. அதுக்கும் இதே சட்டம்தான்."

கோபமாகப் பேசியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் குரலை உயர்த்தவே இல்லை. நேற்று ஆறு பேரும் வேலையில் இருந்தார்கள், இவளும்தான். ஆனால் பேசியதெல்லாம் நோர்ஹானிக்காக.

ஏப்ரல் 3, வியாழன்

பியோ சாரிடம் சொன்னேன். நினைத்தபடியே.

"நம்ம கம்பெனி எங்க இருக்கு? சியோல்லதானே? சியோல் காலண்டர்தான். ஜனவரிக் கடைசியில நம்ம கொரியப் புத்தாண்டுக்கு அவங்களுக்கும் லீவு கொடுத்தேனே, அது எந்தக் கணக்கு? நான் என்ன கஞ்சனா, தக் மேனேஜர்?" என்று என் குடும்பப் பெயரைச் சொல்லிக் கேட்டார்.

கஞ்சன் இல்லை. அதுதான் சிக்கல். ஆறு பேருக்கும் புத்தாண்டுப் பரிசாகக் கடல்பாசிப் பெட்டி அனுப்பியவர் அவர். கொடுக்கிற மனுஷனுக்கு, கேட்டால் மட்டும் சுருக்கென்கிறது.

இரவில் கணவரிடம் புலம்பினேன். நகரப் பேருந்து ஓட்டுகிறவர். காலுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "புத்தாண்டு அன்னைக்கு நான் ஓட்டறதுக்குக் கூடுதல் சம்பளம் கொடுக்கறாங்க. அது ஒண்ணும் தானம் இல்லியே, மியோங்ஹி."

ஏப்ரல் 7, திங்கள்

தொழிலாளர் சட்ட ஆலோசகரைக் கேட்டேன். ஒரே வரிதான். ஆள் எந்த நாட்டில் உட்கார்ந்து வேலை செய்கிறாரோ, விடுமுறையும் அந்த நாட்டுச் சட்டப்படி. நம் புத்தாண்டுக்கு நாமாகக் கொடுத்த லீவை இதில் கழிக்க முடியாது.

சாரிடம் சொன்னதும் "அந்தப் பொண்ணைக் கூப்பிடு, நானே பேசறேன்" என்றார். பயமாக இருக்கிறது. அவளுக்காகவா, எனக்காகவா?

ஏப்ரல் 8, செவ்வாய்

எழுதிவிட்டுத்தான் தூங்கவேண்டும்.

வீடியோவில் நாங்கள் மூவர். சார் முதலில் இனிமையாக ஆரம்பித்தார். "அர்செலி, நீ குழுத் தலைவி. உனக்கு மட்டும் விடுமுறை நாளுக்கெல்லாம் ரெட்டைச் சம்பளம் போட்டுடறேன். மத்தவங்ககிட்ட இதைப் பெருசு பண்ணாதே."

எனக்கு முகம் சுட்டது. அவள் ஒரு நொடி கூட யோசிக்கவில்லை.

"எனக்கு மட்டும்னா வேண்டாம் சார். முதல்ல நோர்ஹானிக்குக் கொடுங்க. அவ கேக்க மாட்டா. அதான் நான் கேக்கறேன்."

சாருக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "வேற நாட்டுல எனக்கு ஆளே கிடைக்காதா?"

"கிடைப்பாங்க சார்," என்றாள் அர்செலி. "அந்த நாட்டுலயும் பண்டிகை இருக்கும்."

கிண்டல் இல்லை, மிரட்டல் இல்லை. மழை வருமா என்று கேட்டவருக்கு வரும் என்று சொல்வதுபோல் சொன்னாள். வேலை போனால் தம்பி படிப்பு நின்றுவிடும் என்று என்னிடம் ஒருமுறை சொன்னவள் இவள். எங்கிருந்து வந்தது இந்தத் தெம்பு? பதினோரு வருஷமாக இந்த மனிதரிடம் "சரிங்க சார்" தவிர நான் என்ன சொல்லியிருக்கிறேன்?

சார் அழைப்பைத் துண்டித்துவிட்டார்.

ஏப்ரல் 9, புதன்

சார் யாரோடும் பேசவில்லை. மதியம் சாப்பிடவும் வரவில்லை.

ஏப்ரல் 10, வியாழன்

காலையில் என் மேஜைக்கு வந்து நின்றார். "எல்லாருக்கும் கொடுத்துடு. போன பெருநாளுக்கும் சேர்த்து." போகிறவர் திரும்பிப் பார்த்தார். "அவ சொன்னது சரிதான். எரிச்சலா இருக்கு, ஆனா சரிதான்."

அவரையும் பாராட்டத்தான் வேண்டும். தப்பென்று தெரிந்ததும் சாக்குத் தேடவில்லை.

ஏப்ரல் 14, திங்கள்

புதுத் தலைவலி. ரெட்டைச் சம்பளம் என்றும் பெரிய வெள்ளிக்கு ஐந்து பேர் மாட்டேன் என்கிறார்கள். சிலுவை ஊர்வலமாம். கட்டாயப்படுத்தட்டுமா என்று கேட்க வாயெடுத்தேன். "வேண்டாம்," என்று சாரே சொல்லிவிட்டார்.

சாயங்காலம் நோர்ஹானி தானாக அழைத்தாள். இவ்வளவு நாளில் அவளாக அழைத்தது இதுதான் முதல் தடவை. "எனக்கு அது நோன்பும் இல்ல பண்டிகையும் இல்ல மேடம், நான் உக்கார்றேன். அர்செலி அக்கா நடக்கட்டும். எனக்காக அக்கா கேட்டாங்கல்ல, இது யாரும் கேக்காமலே அக்காவுக்காக நான் செய்யறது."

ஒருத்தி போதாதே, தள்ளுபடி நாளாயிற்றே என்றேன் சாரிடம். அவர் சட்டைக் கையை மடித்தார். "நீயும் நானும் இருக்கோமே."

ஏப்ரல் 18, வெள்ளி

முதுகு விட்டுப்போய்விட்டது. சிரித்துச் சிரித்து வயிறும்.

சார் விலை கேட்ட ஒருத்திக்கு உருக்கமாக மன்னிப்புக் கேட்டார். மன்னிப்புக் கேட்கவேண்டியவளுக்கு விலையை அனுப்பினார். அவள் எழுதின ஆங்கில வசவில் பாதி அவருக்குப் புரியவில்லை. என்னிடம் காட்டி "இது திட்டா, வாழ்த்தா?" என்றார். திட்டுதான் என்றேன். முகம் சின்னப் பிள்ளைபோல் வாடிவிட்டது.

நோர்ஹானி மட்டும் நிதானமாக, ஒருவர் விடாமல், பதில் அனுப்பிக்கொண்டே இருந்தாள். நடுவில் தொழுகைக்கு எழுந்தபோது, "போயிட்டு வாம்மா, நாங்க பாத்துக்கறோம்," என்றார் சார். அந்தக் கொஞ்ச நேரத்தில் நாங்கள் பட்ட பாடு!

முடிந்ததும் நாற்காலியில் சாய்ந்து, "தினமும் இவ்வளவு திட்டா வாங்கறாங்க?" என்று கேட்டார். அவர் என்னிடம் கேட்ட மாதிரி தெரியவில்லை.

ஏப்ரல் 21, திங்கள்

அர்செலி வேலைக்கு வந்துவிட்டாள். ஊர்வலத்தில் செருப்பில்லாமல் நடந்து பாதம் கொப்புளித்துவிட்டதாம். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

ஜூன் 6, வெள்ளி

இங்கே போர் வீரர் நினைவு நாள். அங்கே பக்ரீத். நோர்ஹானிக்கு லீவு, அவள் இடத்தில் அர்செலி. காலை பத்து மணிக்கு ஊரெங்கும் அஞ்சலிச் சங்கு ஊதியபோது எழுந்து நின்றேன். வேறு வேலை இல்லை. துணி துவைத்தேன்.

ஜூன் 11, புதன்

மங்கோலியாவில் ஆள் எடுக்கிறோம். உலான்பாத்தரிலிருந்து ஒரு பெண், சோல்மோன் என்று பெயர், நேர்காணலுக்குத் திரையில் வந்தாள். வெளிநாட்டுக் குழுவுக்கெல்லாம் இனி அர்செலிதான் பொறுப்பு என்பதால் அவளும் இருந்தாள்.

படிப்பையோ அனுபவத்தையோ கேட்பதற்கு முன்னால் சார் கேட்டார்: "ஜூலையில உங்க ஊர்ல பெரிய திருவிழா உண்டாமே. அன்னைக்கு உங்களை வேலைக்குக் கூப்பிட்டா சட்டப்படி நான் என்ன தரணும்?"

அந்தப் பெண் வெலவெலத்துப் போனாள். சோதிக்கிறார் என்று நினைத்திருப்பாள். "தெ... தெரியலை சார்."

"தெரிஞ்சுக்கிட்டு வாங்க," என்றார் சார். "வந்து என்கிட்ட கேளுங்க. கேக்காம விட்டுடாதீங்க."

பக்கத்துக் கட்டத்தில் அர்செலி, கீழே எதையோ தேடுகிறவள்போல் சட்டென்று குனிந்துகொண்டாள். வெகுநேரம் நிமிரவில்லை.