இரண்டு கோடு போட்ட செக்

போன செவ்வாய்க்கிழமை காலையில் மருமகள் கைப்பேசியை என் மூக்குக்கு நேரே நீட்டினாள், பாய். கோயம்புத்தூர் பட்டறைக்காரர் ஒருவர் எங்களிடம் நூறு ஜோடி கையுறை வாங்கிவிட்டு ஆன்லைனிலேயே பணம் அனுப்பியிருந்தார். வந்து சேர்ந்த தொகை குறைந்திருந்தது. நடுவில் இருக்கிற ஏதோ ஒரு கம்பெனி, பணத்தை அங்கிருந்து இங்கே தள்ளிவிட்டதற்குத் தன் பங்கை எடுத்துக்கொண்டு, அந்தப் பங்குக்கு வரி என்று இன்னும் கொஞ்சமும் எடுத்துக்கொண்டிருந்தது.

"எல்லாருக்கும்தான் புடிக்கறாங்க அத்தை. இதுக்குப் போயி டென்ஷன் ஆவாதீங்க" என்றாள்.

என் குணம் உங்களுக்குத் தெரியாததா? அவர்கள் நம்பரைப் போட்டுக் கொடு, நானே பேசுகிறேன் என்று குதித்தேன். நம்பர் கிடையாதாம். திட்டுவதற்குக்கூட ஓர் ஆளை வைக்காமல் வியாபாரம் பண்ணுகிறார்கள். பொருமிக்கொண்டே போய் மெஷினில் உட்கார்ந்தேன். அன்று முழுக்க உங்கள் நினைவுதான்.

நாம் சந்தித்ததே இப்படி ஒரு பிடித்தத்தால்தானே. எண்பதுகளின் நடுவில், ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் நாலு தையல் மெஷின் போட்டு, ஐந்து பெண்களை வைத்துக்கொண்டு ஆலைகளுக்குத் துணிக் கையுறை தைத்துக்கொண்டிருந்தேன். வாங்குகிற கம்பெனி பெங்களூரில். அவர்கள் கொடுக்கிற செக்கை நம் ஊர் பேங்கில் போட்டால், அது தபாலில் பெங்களூர் போய்ச் சாவகாசமாகத் திரும்பும். மூன்று வாரம் ஆகும். வரும்போது கமிஷன், தபால் செலவு எல்லாம் கழிந்திருக்கும். டி.டி.யாகக் கேட்டால் அந்தக் கமிஷனையும் என் பில்லில்தான் கழிப்பார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் அடி சின்ன ஆளுக்குத்தான்.

அன்றைக்கு மேனேஜரிடம் மல்லுக்கு நின்றேன். "நாப்பது கிலோமீட்டர் சார். உங்க ஜன்னல்ல எட்டிப் பாத்தா பெங்களூர் பஸ் நிக்கறது தெரியுது. அது எப்படி சார் வெளியூர் ஆவும்?"

"வெளி மாநிலமே ஆவுதும்மா" என்றார் அவர், சிரிக்காமல்.

எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர் நீங்கள். வேட்டியில் மரத்தூள், கையில் டோக்கன். "தங்கச்சி, இங்க சண்ட போட்டா டோக்கன் நம்பர்கூட முன்னால வராது. வெளிய வாங்க" என்றீர்கள். ஆலைகளில் கழிக்கிற மரப்பெட்டிகளை வாங்கி, உடைத்து, பலகையாக்கிப் பெங்களூரில் விற்கிறவர் என்று டீக்கடை வாசலில்தான் தெரிந்துகொண்டேன். வாரத்தில் மூன்று நாள் எப்படியும் பெங்களூர் போவேன், கம்பெனியைக் கோடு போடாத செக்காகக் கொடுக்கச் சொல்லுங்கள், அவர்கள் பேங்க் கவுன்டரிலேயே பணமாக மாற்றிக் கொண்டுவந்து தருகிறேன் என்றீர்கள். அவர்கள் கொடுக்கமாட்டார்கள் என்றேன். "கேக்கறதுக்கு ஏது தங்கச்சி கமிஷன்?" என்றீர்கள். கேட்டதும் நீங்கள்தான். கன்னடத்தில் அந்தக் கணக்கரின் ஊரை விசாரித்து, மாமனார் ஊரை விசாரித்து, மூன்று மாதத்தில் அவரைக் கரைத்துவிட்டீர்கள்.

முதல் செக் யுகாதிக்கு மூன்று நாள் முன்பு வந்தது. யுகாதிக்கு முந்தின நாள் நீங்கள் அதை எடுத்துக்கொண்டு போவதாக ஏற்பாடு. பணம் வந்தவுடன் ஐந்து பேருக்கும் இரண்டு வாரக் கூலி. அவர்களில் கெம்பம்மாவுக்கு அது கட்டாயம் வேண்டும். தேன்கனிக்கோட்டைக்குப் பக்கத்துக் கிராமம் அவளுடையது. மகளுக்குக் கல்யாணமாகி வருகிற முதல் யுகாதி. மாப்பிள்ளை இவள் வீட்டுக்கு வருகிறார். வேட்டி எடுக்கவேண்டும், ஒப்பட்டுப் போளிக்குப் பருப்பும் வெல்லமும் வாங்கவேண்டும். சாயங்கால பஸ்ஸுக்குள் எல்லாம் ஆகவேண்டும் என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்தச் செக்கை உங்களிடம் கொடுப்பதற்குமுன் நான் ஒரு காரியம் செய்தேன். அதன் இடது மூலையில் ஸ்கேல் வைத்து நேராக இரண்டு கோடு போட்டேன். கோடு போட்ட செக்கை எவனும் கவுன்டரில் காசாக்க முடியாது, தொலைந்தாலும் பயமில்லை என்று எப்போதோ டைப்ரைட்டிங் வகுப்பில் சொல்லிக் கொடுத்தது கையில் அப்படியே தங்கிவிட்டது. எந்தச் செக்கைப் பார்த்தாலும் கோடு போடுகிற கை. 'எவனும்' என்பதில் நீங்களும் உண்டு என்பது அந்த நிமிஷம் உறைக்கவில்லை. பஸ் கூட்டத்தில் விழுந்துவிட்டால் என்ன செய்வது என்றுதான் போட்டேன் என்று வெகுகாலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முழு உண்மை அதுவல்ல, பாய். யார் கொண்டுபோனாலும் பணம் கொடுத்துவிடுகிற ஒரு காகிதத்தை, மூன்று மாதம்தான் பழகின மனிதரிடம் கொடுக்கிறோமே என்ற ஒரு துளி பயமும் அந்தப் பேனாவில் இருந்தது. அந்தத் துளி உங்களைப் பற்றியது.

மடித்துக் கவரில் போட்டுக் கொடுத்தேன். நீங்கள் பிரித்துப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் ஐந்து பேரும் மெஷினை மூடிவிட்டுக் கொட்டகை வாசலில் காத்திருந்தார்கள். நீங்கள் வெறுங்கையோடு வந்தீர்கள். எல்லோர் முன்னாலும், "என் தப்பும்மா. காலைல பஸ்ஸ விட்டுட்டேன். போயி சேர்றதுக்குள்ள பேங்க மூடிட்டாங்க. நாளைக்கு லீவு, நாளன்னைக்குத்தான் ஆவும்" என்றீர்கள்.

கெம்பம்மா உங்களை விட்டுவைக்கவில்லை. "பஸ்ஸ விட்டாராம், பஸ்ஸ. அஞ்சு வூட்டு யுகாதிய கையில வாங்கினு போனவரு தூங்குவாரா? மாப்ள வந்து ஒக்காந்தா நான் மண்ணையா சுட்டுப் போடறது?" என்று கேட்டாள். கேட்கவேண்டிய கேள்விதான். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு நின்றீர்கள். என்னிடமும் பெரிதாக ஒன்றும் இல்லை; கொட்டகையில் கிடந்த சில்லறையை ஐந்து பேருக்கும் பிரித்துக் கொடுத்தேன். அது பஸ்ஸுக்கும் பூவுக்கும்தான் காணும்.

அவர்கள் போனபிறகு கவரை எடுத்து என் முன்னால் வைத்தீர்கள். கவுன்டர்க்காரர் கோட்டைக் காட்டித் திருப்பிக் கொடுத்துவிட்டார். நீங்கள் அங்கிருந்து ஊரின் அந்தக் கோடியில் இருக்கிற பீனியாவுக்குப் போய், கம்பெனி கேட்டில் நின்று, வெளியே போயிருந்த முதலாளி மூன்றரை மணிக்கு வந்ததும், அவரைக் கோட்டை ரத்து செய்யச் சொல்லிப் பக்கத்தில் கையெழுத்து வாங்கியிருந்தீர்கள். பேங்க் இரண்டு மணிக்கே மூடியாகிவிட்டது. அன்றைக்கு நீங்கள் பலகை விற்கப் போகவேண்டிய இடத்துக்குப் போகவே இல்லை என்பதும் பேச்சுவாக்கில் வெளிவந்தது.

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. "ஏன் பாய் அப்படிச் சொன்னீங்க? நான்தானே கோடு போட்டேன்" என்றேன்.

"நீங்க நாளைக்கும் அவுங்களுக்கு வேலை சொல்லணும். நான் யாரு, வந்துட்டுப் போறவன்" என்றீர்கள்.

ஏன் கோடு போட்டீர்கள் என்று நீங்கள் கேட்கவே இல்லை. மரப்பெட்டியில் ஆணி எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே சொல்கிறவர் நீங்கள். இது மட்டுமா புரிந்திருக்காது? கேட்டிருந்தால் நான் அந்தத் துளியை அன்றே சொல்லி அழுதிருப்பேன். என்னை அழவிடாமல் காப்பாற்றிவிட்டு, டீயைக் குடித்துவிட்டுப் போனீர்கள்.

யுகாதி முடிந்த மறுநாள் பணம் வந்துவிட்டது. ஆனால் கெம்பம்மாவின் யுகாதி போனது போனதுதான். பக்கத்து வீட்டில் வெல்லமும் பருப்பும் கடனாக வாங்கியிருக்கிறாள். அந்த வீட்டுக்காரி மாப்பிள்ளை காதில் விழும்படி எப்போது திருப்பித் தருவாய் என்று கேட்டாளாம். அன்று முதல் உங்களுக்கு 'பஸ்ஸை விட்ட பாய்' என்று பெயர். எங்கள் கொட்டகையில் கிளம்பி, டீக்கடை, ஸ்பிரிங் கம்பெனி என்று பரவிவிட்டது.

அதற்குப் பிறகு பதினொரு வருஷம் நீங்கள்தான் எங்கள் பேங்க். எனக்கு மட்டுமா? ஸ்பிரிங் சுற்றுகிற நாயுடு, அட்டைப்பெட்டிக்காரர், நாகரசம்பட்டியிலிருந்து மாங்காய் ஊறுகாய் போட்டு அனுப்பும் அம்மாள் என்று என்னோடு சேர்த்து நாலு பேர் செக்கும் உங்கள் சட்டைப்பையில்தான் பயணம் செய்தது. நான் கமிஷன் கொடுக்க வந்தபோது மறுத்தீர்கள். பஸ் சார்ஜை மட்டும் நாலாகப் பிரித்து வாங்கிக்கொண்டீர்கள். "ஒண்ணுமே வாங்காம செஞ்சா நாலாவது வாரம் எனக்கே கசக்கும் தங்கச்சி" என்றீர்கள். எவ்வளவு நேர்மையான பேச்சு அது. பெரியமனிதத்தனம் காட்டாமல் ஒருவருக்கு உதவி செய்ய உங்களால் முடிந்தது. அந்தப் பதினொரு வருஷத்தில் தாமதமான கூலி என்று என் கொட்டகையில் ஒன்றுகூட இல்லை. நாலு மெஷின் பதினாலு ஆனதற்கும், என் பிள்ளை படித்ததற்கும் அதில் பங்கு உண்டு. இதை நீங்கள் இருக்கும்போது ஒரு தடவையாவது வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். டீ மட்டும்தான் வாங்கிக் கொடுத்தேன்.

உங்கள் மவுத்துச் செய்தி வந்த நாளில் மெஷின்களை நிறுத்தினோம். கெம்பம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்ல மனுஷன். அந்த ஒரு நாளு பஸ்ஸ மட்டும் விடாம இருந்திருந்தா" என்றாள். நான் அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை நான் குதித்தபோது அவளும் இங்கேதான் இருந்தாள். எழுபது தாண்டிவிட்டது, தைப்பதில்லை. தைத்த கையுறையின் விரல்களைக் குச்சியால் திருப்பிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மருமகளிடம் சிரித்துக்கொண்டே, "பஸ்ஸ விட்ட பாய்னு ஒருத்தரு இருந்தாரும்மா. அவுரு இருந்தா இந்தக் காச புடிக்க வுட்டிருக்க மாட்டாரு. பஸ்ஸதான் வுட்டுடுவாரு" என்றாள். மருமகளும் சிரித்தாள்.

என்னால் சிரிக்க முடியவில்லை. மெஷினை நிறுத்திவிட்டுச் சொல்லிவிட்டேன், பாய். கோட்டைச் சொன்னேன், பேனாவில் இருந்த அந்தத் துளியையும் சொன்னேன். மருமகள் முன்னால்தான்.

கெம்பம்மா கையிலிருந்த குச்சியைக் கீழே வைத்தாள். என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன்; திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அந்த மனுஷன என்ன பேச்சு பேசிட்டேன். இப்ப நான் யாருகிட்டப் போயி தப்புன்னு சொல்றது?" என்றாள்.

நான் எழுதுகிறேன் என்றேன். அதற்காகத்தான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கெம்பம்மா உங்களிடம் தப்பு என்று சொல்லச் சொன்னாள், சொல்லிவிட்டேன். பதினொரு வருஷம் என் தப்பைச் சுமந்துகொண்டு, கேலிப் பெயரையும் வாங்கிக்கொண்டு, சிரித்த முகத்தோடு என் வாசலுக்கு வந்துபோனீர்கள். இனிமேல் அது என்னிடம் இருக்கட்டும், பாய்.