யெஷியின் உச்சிக் குடுமி

தெர் மாதம், கபிரியேல் நாள்

என் மித்துக் கண்ணே,

நாங்கள் நலம். நர்சுப் படிப்பு எப்படிப் போகிறது? முதியோர் வகுப்பில் கற்ற எழுத்து இது. கோணலாக இருந்தால் சிரிக்காதே.

உன் தங்கை யெஷிக்குத் தலையில் வட்ட வட்டமாகப் படை. முடி கொட்டி, செதில் செதிலாக உதிர்கிறது. சாம்பலும் வெண்ணெயும் பூசிப் பார்த்தேன், கேட்கவில்லை. பள்ளியில் ஒருத்தி, "ஏய், கோழி கெளறுன வயலு, தள்ளி ஒக்காருடி" என்றாளாம். இனிப் போகமாட்டேன் என்று அடுப்படியிலேயே கிடக்கிறாள். நானும் அந்த வயதில் நின்றவள்தான். சும்மா ரெண்டு நாள் என்றுதான் நின்றேன். இவளும் அப்படி ஆகிவிடக் கூடாது. ஏதாவது வழி சொல்.

உன் அம்மா,
தெவாபெச்

யெகாதித் மாதம், மிக்கேல் நாள்

அன்புள்ள அம்மாவுக்கு,

கோணல் எழுத்தை முத்தமிட்டேன். யெஷிக்கு வந்திருப்பது பூஞ்சைப் படை. இங்கே பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கிராமத்துப் பிள்ளைகள் இதோடுதான் கூட்டமாக வருகிறார்கள். லாகெச் அத்தை சனிக்கிழமை தோறும் தெருப் பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து ஒரே பிளேடால் மழிப்பாளே, அதில் ஒட்டிக்கொள்வதுதான். வெளியே பூசினால் போதாது, மாத்திரைதான் முடிவேர் வரை போகும். பேருந்துக்காரரிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். பாலோடும் வெண்ணெயோடும் கொடு, கொழுப்பு இருந்தால்தான் மருந்து உடம்பில் சேரும். இனி அவளுக்குத் தனி பிளேடு, தனிச் சீப்பு. மழிக்கும்போது விட்டுவைக்கிற உச்சிக் குடுமியையும் எடுத்துவிடு, அதன் அடியிலும் படை இருக்கும்.

உன் மித்து

மெகாபித் மாதம், மரியாள் நாள்

மித்துக் கண்ணே,

மருந்து வந்தது. உன் கைக்குப் புண்ணியம். ஆனால் பெருநோன்பு தொடங்கிவிட்டதே! பால் சட்டியை எடுத்ததும் லாகெச் பிடித்துக்கொண்டாள். "ஏழு வயசு தாண்டுன புள்ளைக்கு நோன்புல பாலா? ஒம்மக பட்டணத்துல இதத்தான் படிக்கிறாளா?" என்றாள். அதனால் வெறும் தண்ணீரில் கொடுத்து வருகிறேன். படை அப்படியேதான் இருக்கிறது.

கோபித்துக்கொள்ளாதே, குடுமியை மட்டும் எடுக்கமாட்டேன். பிள்ளைக்கு ஒன்று ஆனால் வானதூதர் எதைப் பிடித்து மேலே தூக்குவார்?

அம்மா

மெகாபித் மாதம், உலக மீட்பர் நாள்

அம்மா,

தப்பு என் மேல். நோன்பை மறந்துவிட்டேன். வெறும் தண்ணீரோடு போகும் மாத்திரை, வாசலோடு திரும்பிப் போகும் விருந்தாளி மாதிரி. பால் வேண்டாம், வெண்ணெய் வேண்டாம். பேயெள் விதையில் ஆட்டிய எண்ணெய் நோன்புக்கு ஆகும்தானே? கடலைமாவுக் குழம்பில் தாராளமாக ஊற்றி, இஞ்ஜெரா அப்பத்தை அதில் நனைத்துச் சாப்பிடவைத்து, உடனே மாத்திரையைக் கொடு. லாகெச் அத்தை என்ன சொல்லுவாள் பார்ப்போம்.

குடுமிக்காக அழுதால் யெஷியிடம் சொல்: அக்காவும் உனக்குத் துணையாகக் கூந்தலை ஒட்ட வெட்டிக்கொண்டாள். வானதூதர் எங்கள் ரெண்டு பேரையும் காதைப் பிடித்துத் தூக்கட்டும், நம்ம கணக்கு வாத்தியார் தூக்குவாரே, அப்படி! உயிர்ப்புத் திருநாளுக்கு மீதி மாத்திரையோடு வருகிறேன். கோழிக் குழம்பு எனக்கு வை.

உன் மித்து

செனே மாதம், மிக்கேல் நாள்

மித்து, என் மித்துக் கண்ணே,

யாரிடம் கொடுத்தனுப்புவது என்று தெரியாமல் எழுதுகிறேன். சொல்ல நிறைய இருக்கிறது.

திருநாளுக்கு நீ வந்த பேருந்து மலை வளைவில் கவிழ்ந்த அன்று, உன்னோடு உன் பையையும் கொண்டுவந்து தந்தார்கள். மாத்திரையைத் தலைத்துணியில் சுருட்டி வைத்திருந்தாய். ஒன்று கூட உடையவில்லை. திருநாளோடு நோன்பு முடிந்தது, பாலோடே கொடுத்தேன். துக்க வீட்டிலும் ஒரு வேளை தவறவிடவில்லை. நீ கொண்டுவந்ததை வீணாக்குவேனா?

குடுமியை எடுத்தேன், மித்து. நீ சொன்னது சரி, அதன் அடியிலும் படை இருந்தது. இப்போது புது முடி, பூனைக்குட்டி மயிர் போல மெத்தென்று, தலை முழுக்க. பள்ளிக்குப் போகிறாள். கேலி செய்தவளே பக்கத்தில் உட்கார்ந்து, "தொட்டுப் பாக்கட்டாடி?" என்று கேட்டாளாம்.

துக்கத்துக்கு என் தலையை மழிக்க லாகெச்தான் வந்தாள். காகிதம் பிரிக்காத பிளேடு ஒன்றைக் கையில் வைத்திருந்தாள். "இது ஒனக்கு மட்டுந்தான்க்கா. ஒம்மக சொன்னபடி" என்று சொல்லி அழுதாள். இப்போதெல்லாம் சனிக்கிழமை வாசலில் நின்று, "பிளேடு கொண்டாராத தலைய நான் தொடமாட்டேன், ஓடுங்கடா!" என்று விரட்டுகிறாள். தெருப் பிள்ளைகள் தலையெல்லாம் தெளிந்து வருகிறது. பார்க்கும்போதெல்லாம் உனக்கு நன்றி சொல்கிறேன், மகளே. என் வயிற்றில் பிறந்ததற்கும் சேர்த்து.

நேற்று யெஷி என் மொட்டைத் தலையைத் தடவி, "அம்மா, ஒனக்கும் படையா? அக்கா மாத்திர மிச்சமிருக்கா?" என்றாள். சிரித்தும் விட்டேன், அழுதும் விட்டேன்.

ஒன்றுதான் நெஞ்சை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. உன்னைக் குளிப்பாட்டும்போது பார்த்தேன். தங்கைக்காக வெட்டிய தலை, விரலுக்குள் பிடிபட ஒரு மயிரில்லை. நீ சொன்னபடி வானதூதர் காதைத்தான் பிடித்தாரா? வலிக்காமல் தூக்கினாரா, மித்து?